டன்னர் ஓடையின் நான்காவது ஆள்

ஹெலிகாப்டர் எங்கள் மூவரையும் மூட்டைகளோடு குடிலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டிப் போனபோது காலை பத்து மணி இருக்கும். பிப்ரவரி மாதம், எங்கள் தென்கோடியில் அது கோடைக்காலம். வெயில் சுள்ளென்று அடித்தது. தகரக் கூரை, தகரச் சுவர், உள்ளே நான்கு கட்டில், ஒரு விறகடுப்பு. போன கோடையில் நாங்கள் வெட்டி அடுக்கிய விறகு அப்படியே இருந்தது. எலிப் புழுக்கையைப் பெருக்கித் தள்ளிவிட்டு, கேலம் ராட்ரே தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

ரெக்ஸ் டிண்டல் ஜன்னலோரக் கட்டிலில் தன் பையைப் போட்டான்.

"அது வேண்டாம். அங்க மேல ஒழுகும்," என்றார் கேலம்.

அங்கே ஒழுகாது. அது எனக்கும் தெரியும். ரெக்ஸ் புது ஆள், இருபது வருடம் தபால்காரனாக இருந்துவிட்டு, நாய்க்கடி வாங்கியது போதும் என்று மீன் வேலைக்கு வந்தவன். பையை எடுத்து அடுத்த கட்டிலுக்கு மாற்றிக்கொண்டான்.

எனக்கு இது பதினைந்தாவது கோடை. விரல் நீளத்தில், செதிலே இல்லாமல், முதுகில் பொன்துகள் தூவினாற்போல் ஒரு மீன் இந்த ஓடையில் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எங்கள் தாத்தாக்கள் தூண்டில் விளையாட்டுக்காகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன்கள் அதைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. ஆண்டுக்குப் பத்து நாள் நாங்கள் போய் டிரவுட்களைப் பிடித்துக் கொல்வோம். ஒருவர் முதுகில் பேட்டரிப் பெட்டி, கையில் நீண்ட கோல், கோலின் முனையில் உலோக வளையம். பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் தண்ணீரில் மின்சாரம் பாயும், பெட்டி பீப் பீப் என்று கத்தும், பக்கத்திலுள்ள மீன்கள் மயங்கி மிதக்கும். விரலை எடுத்தால் நின்றுவிடும். கோல் எப்போதும் கேலமிடம். பின்னால் வலையோடு ஒருவர், வாளியோடு ஒருவர்.

போன வருடம் வலை பிடித்தவள் நோலா பேஜெட்.

நோலாவுக்கு நாற்பத்தாறு வயது. ஆட்டுரோமம் கத்தரிக்கும் கூட்டத்தோடு பண்ணை பண்ணையாகத் திரிந்தவள். தன் குடியால் புருஷனை இழந்து, மகளை அக்காவிடம் விட்டுவிட்டு, பிறகு ஒரு நாள் குடியையே விட்டவள். எட்டு வருடமாக ஒரு சொட்டு தொடவில்லை. வாய் மட்டும் ஓயாது. "கேலம், உன் நடையப் பாத்தே பாதி மீன் சிரிச்சுச் செத்துப்போகுது, உனக்கு எதுக்குய்யா மின்சாரம்?" என்பாள்.

கேலமுக்குக் கட்டைவிரலில் முடக்குவாதம். நாள் முழுக்கப் பொத்தானை அழுத்த முடியாமல், அதை அழுத்தினபடியே கறுப்பு டேப் சுற்றி ஒட்டிவைத்திருந்தார். நோலா தினமும் அதற்காகத் திட்டினாள். நான் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் நாள், கருமடு என்று நாங்கள் சொல்லும் ஆழமான இடத்தில் அவள் கால் வழுக்கி மார்பளவு தண்ணீரில் விழுந்தாள். ரப்பர் கையுறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

"கேலம், கைய எடு," என்றாள்.

கேலம் கையை எடுத்தார். பொத்தானை டேப் விடவில்லை.

அவள் உடலை இழுத்துக் கரையேற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. தெற்கே மழை கறுத்திருந்தது, ஓடை பெருகப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். குடிலுக்குத் திரும்பியதும் கேலம் டேப்பை உரித்து அடுப்பில் போட்டார். அங்கிருந்த நோலாவின் ஃபிளாஸ்க்கைத் திறந்து, தேநீரைக் கொட்டிவிட்டுத் தன் விஸ்கியை ஊற்றி மூடினார். நோலா படுத்துவந்த ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ போயிட்டா மோர்னா. இனிமே அவளுக்கு என்ன ஆகப்போகுது? நானும் ஜெயிலுக்குப் போகணுமா? உனக்கு நிரந்தர வேலைக்கு நான் எழுதித் தரேன்," என்றார்.

பதினோரு நாள் கழித்துக் கீழே அணைக்கட்டில் உடல் கிடைத்தபோது சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. குடித்திருந்தாள், கையுறையைக் கழற்றிவிட்டு இறங்கினாள் என்று கேலம் எழுதிய வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. நோலாவின் மகள் இறுதிச்சடங்குக்கு வரவில்லை. திரும்பவும் ஆரம்பிச்சுட்டாளா, அவ்வளவுதான் அவ என்று போனில் சொன்னாளாம்.

இந்த வருடம் முதல் நாள் வேலை நன்றாகவே நடந்தது. பெட்டியும் கோலும் புதிது, டேப் கிடையாது. மதியத்துக்குள் நாற்பது டிரவுட் பிடித்தோம். நான் வாளியோடு கரையோரம் நடந்தேன். ரெக்ஸ் வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்தபடி நின்றான்.

"மோர்னா, அங்க கல்லு ஏதாவது இருக்கா?"

அவன் காட்டிய இடத்தில் தண்ணீர் முழங்கால் ஆழம்தான். அடியில் பரல்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் மேலே ஓட்டம் இரண்டு இடத்தில் பிளந்து, இரண்டு சிறிய அலைக்கோடுகளாகப் பிரிந்து போனது. நடு ஓடையில் யாராவது காலை அகட்டி நின்றால் தண்ணீர் எப்படிப் பிரியுமோ, அப்படி.

ரெக்ஸ் வலைக்கம்பை அந்த இடத்தில் விட்டுத் துழாவினான். ஒன்றும் தட்டுப்படவில்லை. கம்பை எடுத்ததும் தண்ணீர் மறுபடி பிளந்துகொண்டது. எங்கள் பொன்துகள் மீன்கள் நாலைந்து அந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றி நீந்தின.

கேலம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஓடையில் மேலே நடந்தார்.

அவர் பத்தடி நடந்தார்.

அந்த இரண்டு அலைக்கோடுகளும் பத்தடி நடந்தன.

மறுநாள் காலையில் மேகம் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டது. எதிரே நிற்கும் ஆள் சாம்பல் நிறத்தில் தெரிந்தான். காற்றே இல்லை. ஈரப் புல்லின் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. ஓடை முழுக்க விஸ்கி நாறியது.

பத்து மணிக்குத் தேநீருக்காகக் கரையில் உட்கார்ந்தோம். ஒரே கெட்டிலில் போட்ட தேநீரைத்தான் காலையில் மூன்று ஃபிளாஸ்க்கிலும் ஊற்றியிருந்தேன். கேலம் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். மூடியை முகர்ந்தார். முகம் செத்துப்போனது. ஃபிளாஸ்க்கை ஓடையில் கவிழ்த்துவிட்டுக் கையால் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதையும் துப்பினார்.

ரெக்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைத் தனியே அழைத்து, பாஸ் காலையிலேயே ஊத்திக்கிட்டு வராரா என்று கேட்டான். அவர் வேலை நேரத்தில் குடிக்கவே மாட்டார் என்றேன். அது உண்மை. "எனக்கு மூக்கு இருக்கு மோர்னா," என்றான் அவன்.

அன்று முழுக்க கேலமின் மேலிருந்து அந்த நாற்றம் போகவில்லை. மதியம் சட்டையைக் கழற்றி ஓடையில் அலசினார். அலச அலச அதிகமானது. நடக்கும்போது தள்ளாடினார். கல் வழுக்குகிறது என்றார். பேச்சும் குழறியது. குளிர் என்றார். வலப்பக்கமாக, கை எட்டும் தூரத்தில், தண்ணீர் இரண்டாகப் பிளந்து அவரோடு வந்துகொண்டே இருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

தினமும் மாலை ஏழு மணிக்கு நகரத்திலிருந்து பெரில் ரேடியோவில் எல்லாக் குடில்களையும் கூப்பிடுவாள். எத்தனை பேர், எல்லோரும் நலமா, வானிலை எப்படி. அவ்வளவுதான். அன்று எங்கள் முறை வந்ததும், கேலம் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன்.

"சரி, அவர் காதுலயும் விழட்டும்," என்றாள். "மதியம் உங்க ஆள் ஒருத்தங்க கூப்பிட்டாங்க. கேலம் குடிச்சிட்டுத் தண்ணியில இறங்குறாரு, யாராவது சாகப்போறாங்கன்னு சொன்னாங்க. நான் மேலிடத்துக்குச் சொல்லிட்டேன். மேகம் விலகினதும் ஹெலிகாப்டர் வரும்."

யார் கூப்பிட்டது என்று கேட்டேன்.

"பேர் சொல்லல. பொம்பளக் குரல். நீதான்னு நினைச்சேன்."

மதியம் நாங்கள் மூவரும் இரண்டு மைலுக்கு அப்பால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். ரேடியோ பூட்டிய குடிலுக்குள் இருந்தது.

கேலம் ரேடியோவை அணைத்தார். நான்தான் சொன்னேன் என்றே நினைத்தார். என் தோளைப் பிடித்துச் சுவரோடு தள்ளி, காதருகே வாயை வைத்துப் பேசினார். அவர் மூச்சு மதுக்கடை போல நாறியது.

"அந்தக் காகிதத்துல உன் கையெழுத்தும் இருக்கு. நான் போனா நீயும் வருவ."

"எந்தக் காகிதம்?" என்றான் ரெக்ஸ், அடுப்படியிலிருந்து.

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. மெத்தை நனைந்து, ஊறி, சொட்டு சொட்டாகத் தரைக்கு இறங்கியது. ரெக்ஸ் அண்ணாந்து பார்த்தான். கூரை காய்ந்து கிடந்தது.

காலையில் நான் வேலைக்குப் போக வேண்டாம் என்றேன். ஹெலிகாப்டர் வரும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருப்போம் என்று கெஞ்சினேன். கேலம் கேட்கவில்லை. மேல்மடுவில் ஒரு ஜோடி டிரவுட் மிஞ்சினாலும் இத்தனை வருட வேலையும் வீண் என்றார். உண்மைக் காரணம் வேறு. ஹெலிகாப்டரில் வருகிறவர்கள் அவரைத் தண்ணீரில், வேலை செய்தபடி, நேராக நிற்பவராகப் பார்க்க வேண்டும். தான் குடிகாரன் இல்லை என்று காட்ட வேண்டும். அந்தத் தவிப்பு அவர் கண்ணில் தெரிந்தது. அந்தத் தவிப்பைப் பார்த்தபோது எனக்கு நோலாவின் ஞாபகம் வந்தது. அவளுக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்கூட இருக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கருமடுவுக்கு வந்தோம்.

மேகம் தண்ணீர்மேல் படிந்து கிடந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. ஓடையின் சத்தம்கூட அந்த இடத்தில் அடங்கி, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு விடுவதுபோல் இருந்தது. கேலம் இடுப்பளவு இறங்கினார். ரெக்ஸ் கரையில் வலையை விரித்துக்கொண்டிருந்தான். நான் வாளியைக் கீழே வைத்தேன். அந்த இரண்டு அலைக்கோடுகளையும் தேடினேன்.

இல்லை.

அன்று காலை முதல் அவை எங்குமே இல்லை.

கேலம் பொத்தானை அழுத்தினார். பீப் பீப் என்று பெட்டி கத்தியது. ஒரு பெரிய டிரவுட் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்து வந்தது. அவர் விரலை எடுத்தார்.

பெட்டி கத்திக்கொண்டே இருந்தது.

பொத்தானைப் பார்த்தார். கையை விரித்துக் காட்டினார். ஐந்து விரலும் அகல விரிந்திருந்தன. கோல் அவர் உள்ளங்கையில் சும்மா கிடந்தது. கீழே விழவும் இல்லை.

"மோர்னா," என்றார், மெதுவாக.

"மேல வாங்க பாஸ்," என்றான் ரெக்ஸ்.

"வர முடியல." அவர் தன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை நீண்ட தடித்த ரப்பர் கையுறை. அது மெல்ல உப்பியது. ஒரு கைக்கு மேல் இடமில்லாத கையுறையில், அவருடைய விரல்களுக்குப் பக்கத்தில் வேறு விரல்கள் நகர்வது ரப்பருக்கு மேலேயே தெரிந்தது.

"கையுறைக்குள்ள இன்னொரு கை இருக்கு," என்றார்.

விரிந்திருந்த அவர் விரல்களை அது ஒவ்வொன்றாக மடக்கியது. கட்டைவிரலைக் கடைசியாக. பொத்தானின்மேல் வைத்து அழுத்தியது.

மறுபடி ஒருவர் அப்படி மாட்டினால் தண்ணீருக்குள் ஓடுவேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடவில்லை. கரையில், போன வருடம் நின்ற அதே இடத்தில் நின்றேன். கால் அசையவில்லை. வாய் மட்டும் திறந்துகொண்டது. நோலா குடிக்கவில்லை என்று ரெக்ஸிடம் சொன்னேன். கேலம் டேப் போட்டு ஒட்டியிருந்ததை, ஃபிளாஸ்க்கில் விஸ்கி ஊற்றியதை, உடலை ஓடையோடு போகவிட்டதை, நான் கையெழுத்துப் போட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். சொன்னால் அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

கேலமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "ஆமா," என்றார். "அவ சொல்றது நிஜம். நோலா, நிஜம்தான். கைய எடு."

பெட்டி நிற்கவில்லை.

அவருடைய வலக்கை கோலோடு மெல்லத் தாழ்ந்தது. அவர் உடம்பு முழுவதும் மேலே வர இழுத்தது, அந்தக் கை மட்டும் கீழே இழுத்தது. விளிம்புக்கு மேலாகத் தண்ணீர் கையுறைக்குள் இறங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. புட்டியிலிருந்து ஊற்றுகிற சத்தம் போல.

ரெக்ஸ் கரையிலிருந்தே வலைக்கம்பால் அவர் முதுகுப் பெட்டியின் இணைப்பை அடித்து உடைத்தான். தைரியசாலி அவன். மூன்றாவது அடியில் பெட்டி நின்றது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தத் தடவை உடலை ஓடையில் விடவில்லை. இருவருமாக இழுத்துக் கரையேற்றினோம்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் மேகம் கலைந்தது. ஹெலிகாப்டர் வந்தது. மருத்துவமனையில் கேலமின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த அளவுச் சாராயத்தோடு ஒரு மனிதர் எழுந்து நிற்கக்கூட முடியாது என்றார் மருத்துவர். அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்று நான் சத்தியம் செய்தேன். ரெக்ஸ் தலை குனிந்துகொண்டான். யாரும் என்னை நம்பவில்லை. குடித்துவிட்டு மின்பெட்டியோடு தண்ணீரில் இறங்கிச் செத்தவர் என்றுதான் கேலம் ராட்ரேவின் பெயர் இன்று ஊரில் நிற்கிறது. அவர் மனைவி கடைத்தெருவில் என்னைப் பார்த்து, அவர் அப்படிப்பட்ட ஆளில்லையே மோர்னா என்று அழுதாள். எனக்குத் தெரியும் என்றேன்.

நோலாவைப் பற்றிய வாக்குமூலத்தைப் போலீசில் மாற்றி எழுதிக் கொடுத்தேன். வேலை போனது. நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, அனுபவித்தேன். அதெல்லாம் முடிந்த பிறகு, கடலோரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்த நோலாவின் மகள் ரோவீனாவைத் தேடிப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்து முழுவதையும் கேட்டாள். அழவில்லை. உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? அம்மா குடிச்சுத்தான் செத்தாள்னு நம்புறவங்க இவங்கெல்லாம். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்க."

இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன.

போனேன். முதலில் நோலாவின் அக்கா வீடு. என்னை உட்காரவைத்து முழுவதையும் கேட்டாள். நான் எழுந்தபோது, வண்டியில பின்னாடி ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்களே, அவங்களையும் உள்ளே கூப்பிட்டிருக்கலாமே என்றாள். நான் தனியாகத்தான் போயிருந்தேன். வண்டிக்குத் திரும்பிப் பார்த்தபோது பின் இருக்கை காலியாக இருந்தது. கையை வைத்தேன். ஈரமாக இருந்தது.

அதன் பிறகு பல வீடுகளில் அதே பேச்சு. கண்ணாடியில் நீராவி படிந்திருக்கிறது, முகம் தெரியவில்லை, ஒரு பெண் என்பார்கள். எட்டாவது வீட்டிலோ ஒன்பதாவது வீட்டிலோ, முன் இருக்கையில், எனக்குப் பக்கத்தில் என்றார்கள். நான் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன், கிளம்பினேன். வண்டி ஓட்டும்போது இடப்பக்கம் திரும்பாமல் பழகிக்கொண்டேன். பட்டியல் முடிந்தால் இறங்கிப் போய்விடுவாள் என்று நம்பினேன்.

இன்று மதியம் கடைசிப் பெயர். பார்னபி க்ளூ, நோலா வேலை செய்த, ரோமம் கத்தரிக்கும் கூட்டத்தின் மேஸ்திரி. மலைச்சாலையின் உச்சியில், வளைவுகளுக்கு மேலே தனி வீடு. கிழவர் எல்லாவற்றையும் கேட்டார். நல்ல பொம்பள அவ, குடிச்சான்னு சொன்னத நான் நம்பியிருக்கக் கூடாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கியது போலிருந்தது. விடைபெற எழுந்தேன்.

அவர் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார்.

"நீ களைச்சுப் போயிருக்கன்னு உன் சிநேகிதிக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். "ஓட்டுற சீட்டுக்கு மாறிட்டாங்க."

இதை அவருடைய அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்டிச் சாவி என் எதிரே, மேசைமேல் இருக்கிறது.

வாசலில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது.